உலகநாதன் வீட்டுப் பாடு

தேசம்மாள் பரீட்சையில் ஜெயித்ததுதான் தப்பாகப் போயிற்று. தோற்றிருந்தால் ஒரு வம்பும் இல்லை. குப்பத்தில் மற்ற பெண்கள் மாதிரி இறால் கொட்டகைக்குப் போனோமா, ஐஸ் தண்ணீரில் கையை விட்டு உரித்தோமா, வீட்டுக்கு வந்து படுத்தோமா என்று இருந்திருப்பாள். இப்போதும் அப்படித்தான் இருக்கிறாள் என்று வையுங்கள். ஆனால் தோற்றுவிட்டு அப்படி இருப்பது வேறு, ஜெயித்துவிட்டு அப்படி இருப்பது வேறு.

எண்பத்து நாலாம் வருஷப் புயலில் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்கள் கூரையைப் பறிகொடுத்தன. மணல்மேட்டுக்குப்பத்தில் நிற்கிற சுவர் என்று பார்த்தால் எல்லையம்மன் கோயில் சுவர் ஒன்றுதான். அப்போது பட்டணத்திலிருந்து ஒரு தர்ம ஸ்தாபனம் வந்தது. ஓடு கொடுத்தார்கள், நைலான் வலை கொடுத்தார்கள், அரிசி கொடுத்தார்கள். எல்லாம் கொடுத்து முடித்த பிறகும் கை ஓயவில்லை போலிருக்கிறது. அடுத்த வருஷம், எங்கள் பயிற்சிக் கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறோம், ஒரு வருஷப் படிப்பு, சாப்பாடும் தங்கலும் எங்கள் பொறுப்பு, உங்கள் குப்பத்துக்கென்று வருஷத்துக்கு ஓர் இடம் என்று சொல்லியனுப்பினார்கள்.

கம்ப்யூட்டர் என்றதும் குப்பத்தில் யாரும் முழிக்கவில்லை. ஏரிக்கு அந்தப் பக்கம் ராக்கெட் விடுகிறவர்கள் வைத்திருக்கிற மெஷின், அவ்வளவுதானே? ராக்கெட் விடுகிற நாளில் கடலில் இறங்காதே என்று போலீஸ் வந்து விரட்டும். அந்த வகையில் அந்த மெஷினால் குப்பத்துக்கு ஏற்கனவே சில நாள் பிழைப்பு கெட்டிருந்தது.

தேசம்மாளுக்கு அப்போது பத்தொன்பது வயசு. அண்ணன் மூர்த்திக்கு இருபது. அவன் நடுவில் ஒரு தரம் பெயிலானதால் இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அதுவும் அவளுக்கு ஒரு அதிர்ஷ்டம்தான். குறுக்கு வழியாகத் தோணியில் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி என்று போய்ப் படிக்க வேண்டும். அண்ணன் கூட இருக்கிறான் என்கிற ஒரே தைரியத்தில்தான் அப்பா உலகநாதன் அவளை அனுப்பினார். அவன் ஒழுங்காகப் பாஸ் ஆகிக்கொண்டே போயிருந்தால் அவளுக்குத் துணை இருந்திருக்காது, படிப்பு பத்தாவதோடு நின்றிருக்கும். அண்ணன் மார்க்கு குறையக் குறைய தங்கச்சி படித்தாள். இந்த அநியாயத்தை எங்கே போய்ச் சொல்வது?

பரீட்சை வைக்க வந்தவள் செசிலியா. பட்டணத்துப் பயிற்சிக் கூடத்தில் பாடம் எடுக்கிறவள், கண்ணாடி போட்டிருப்பாள், வேகவேகமாகப் பேசுவாள். குப்பத்துப் பள்ளிக்கூடத்திலேயே பெஞ்சியைத் துடைத்துப் போட்டு உட்காரவைத்தாள். பிளஸ் டூ முடித்த நாலைந்து பேர் எழுத வந்தார்கள். அதில் பெண் தேசம்மாள் ஒருத்திதான். கணக்கெல்லாம் சாதாரணக் கணக்கு. கடைசிக் கேள்விதான் மூர்த்தியை எழுந்து ஓட வைத்தது. ஒரு கூடை இறால் இருக்கிறது. பெரிசு, நடுத்தரம், பொடி என்று மூன்றாகப் பிரிக்க வேண்டும். பிரிக்கப் போகிறவன் சுத்த மடையன். சொன்னதைச் செய்வான், சொல்லாததைச் செய்ய மாட்டான். அவனுக்கு வரிசையாகச் சொல்லிக் கொடு.

"இதெல்லாம் ஒரு கேள்வியா? எறாவ பாத்தா தெரியாதா எது பெருசுன்னு?" என்று மூர்த்தி பேப்பரை மடித்துக் கொடுத்துவிட்டு ஏரிப் பக்கம் போய்விட்டான்.

தேசம்மாள் எழுதினாள். முதலில் கூடையில் இறால் இருக்கிறதா பார். இல்லையென்றால் வீட்டுக்குப் போ. இருந்தால் ஒன்றை எடு. விரலை விட நீளம் என்றால் இந்தப் பக்கம் போடு. பாதி விரல்கூட இல்லையென்றால் அந்தப் பக்கம். இரண்டும் இல்லையென்றால் நடுவில். போட்ட பிறகு மறுபடி கூடையைப் பார். எழுத எழுத அவளுக்கு உடம்பெல்லாம் குறுகுறுவென்று இருந்தது. அந்த மடையன் அவள் கண்முன்னே உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டான், ஒரு இடத்தில்கூடத் தடுமாறவில்லை. இப்படி ஒரு சந்தோஷம் உலகத்தில் இருக்கிறதென்று அவளுக்கு அதுவரை தெரியாது.

செசிலியா அங்கேயே உட்கார்ந்து திருத்தினாள். தேசம்மாள் பேப்பரைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். "காலிக் கூடைய பத்தி யாருமே யோசிக்கலம்மா. எல்லாரும் உள்ள இறால் இருக்குன்னே நினைச்சு ஆரம்பிச்சிட்டாங்க. நீ ஒருத்திதான் முதல்ல கூடைய பாருன்னு எழுதியிருக்க. கண்டிப்பா நீ வரணும்."

நேராக நாட்டாரிடம் போய்ச் சொன்னாள். நாட்டார் பச்சைமுத்து குப்பத்துத் தலைவர், நல்ல மனுஷர், யாரிடமும் குரலை உயர்த்தாதவர். எழுந்து நின்று கும்பிட்டார். "ரொம்ப சந்தோசம்மா. ஊருக்கே பெருமை. மத்தத நாங்க பாத்துக்குறோம், நீங்க ஜாக்கிரதையா போய் வாங்க."

செசிலியா அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள். பட்டணத்துக்காரி. 'மத்தத நாங்க பாத்துக்குறோம்' என்றால் அந்தக் கரையில் என்ன அர்த்தம் என்று அவளுக்கு யார் சொல்லப் போகிறார்கள்?

அந்த வாரம் முழுக்க தேசம்மாள் தரையில் நடக்கவில்லை. குழம்பு வைத்தால் அந்த மடையனுக்குக் குழம்பு வைக்கச் சொல்லிக் கொடுத்தாள், தண்ணீர் அடித்தால் குடம் நிரம்பியதை அவன் எப்படிக் கண்டுபிடிப்பான் என்று யோசித்தாள். அம்மா கோவிந்தம்மா, "இன்னாடி தானா சிரிக்கிறே, காத்து கறுப்பு அண்டிச்சா?" என்று கேட்டுவிட்டுத் தானும் சிரித்தாள். மகளுக்கென்று ஒரு டிரங்குப் பெட்டியைக் கழுவி வெயிலில் வைத்தாள்.

பிறகு கூட்டம் கூடியது.

பாடு என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஏரியில் நல்ல இடம் உண்டு, கெட்ட இடம் உண்டு. முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் வலை கட்டினால் இறால் அள்ளலாம்; சேற்றுப் பக்கம் கட்டினால் நண்டுக்குஞ்சுதான். எல்லாரும் நல்ல இடத்துக்கே போனால் மண்டை உடையும். ஆகவே தலைக்கட்டுகளின் பேரைச் சீட்டில் எழுதிப் பானையில் போட்டு, கோயில் வாசலில் நாட்டார் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பார். பேர் வருகிற வரிசையில் ஆளுக்கு ஒரு நாள் நல்ல இடம். அதுதான் அவன் பாடு. இன்றைக்கு உனக்கு, நாளைக்கு எனக்கு. புயலுக்கு வந்த ஓட்டையும் வலையையும்கூட இப்படித்தான் பிரித்தார்கள். பக்கத்துக் குப்பத்தில் கூரை ஓட்டுக்காக அரிவாள் தூக்கினார்கள். இங்கே ஒரு சின்னச் சண்டை இல்லை. அதில் எல்லாருக்கும் ஒரு கர்வமும் உண்டு.

தலைக்கட்டு என்றால் கல்யாணம் ஆன ஆண். அதில் ஒரே ஒரு விலக்கு உண்டு. ஆண் பிள்ளை இல்லாமல் புருஷனைப் பறிகொடுத்தவளுக்குப் புருஷன் சீட்டு தொடரும். அவளுக்குப் பதில் வேறு யாராவது வலை கட்டிப் பங்கு கொடுப்பார்கள். அந்த வருஷம் குப்பத்தில் அப்படி இருந்தவள் செல்வம்மாள் ஒருத்திதான்.

நாட்டார் ஆரம்பித்தார். "ஊருக்கு ஒரு எடம் வந்துகீது. ஓடு வந்துச்சி, பாடு போட்டோம். வலை வந்துச்சி, பாடு போட்டோம். இதுக்கும் போட்டுடலாம். இன்னா சொல்றீங்க?"

ஆண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் கோயில் சுவரோரம் நின்றார்கள், பார்க்கலாம், பேசக்கூடாது. தாமோதரன் என்று ஒரு வலைக்காரன், கொஞ்சம் நியாயம் பேசுகிறவன், தலையைச் சொறிந்துகொண்டே கேட்டான். "பரீட்ச எழுதினது உலகநாதன் பொண்ணாச்சே நாட்டாரே?"

"எழுதிச்சி. யாரு இல்லேன்னா? நல்ல பொண்ணு, ஊருக்கு வாங்கிக் குடுத்துச்சி." நாட்டார் நிஜமாகவே பெருமையோடுதான் சொன்னார். "மீனு நிக்கிற எடத்த ஒருத்தன் கண்டுபுடிக்கிறான். கண்டுபுடிச்சேன், அதனால எடம் எனக்குன்னு சொன்னா உடுவமா? சொல்லு தாமோதரா."

விடமாட்டார்கள்தான். எந்தக் காலத்திலும் விட்டதில்லை. கோவிந்தம்மா சுவரோரத்திலிருந்து, "அது மீனு, இது மீனா" என்று ஆரம்பித்தாள். உலகநாதன் திரும்பி ஒரு பார்வை பார்த்தார், அவள் அடங்கினாள்.

செல்வம்மாளை யாரும் அப்படிப் பார்க்க முடியாது. பார்க்கிறவன் செத்து வருஷமாயிற்று, பானையில் சீட்டும் இருக்கிறது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு உரக்கச் சொன்னாள். "எஞ்சீட்டு வந்தா நான் தேசம்மாவத்தான் அனுப்புவேன். இப்பவே சொல்லிட்டேன், அப்பால யாரும் பேஜாரு பண்ணக்கூடாது."

"ஒஞ்சீட்டு, ஒன் இஸ்டம்" என்றார் நாட்டார். அதுவும் நியாயம்தான்.

பானையைக் குலுக்கினார்கள். தேசம்மாள் மனசுக்குள் எண்ணிப் பார்த்தாள். செல்வம்மாள் சீட்டு ஒன்று, அப்பா சீட்டு ஒன்று. அத்தனை சீட்டில் இரண்டு சீட்டு அவளுக்கு. எல்லையம்மா, ரெண்டுல ஒண்ணு, ரெண்டுல ஒண்ணு என்று வேண்டிக்கொண்டாள். நாட்டார் கண்ணை மூடிக் கையை விட்டு எடுத்தார். பிரித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"உலகநாதன்!"

எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அம்மனே எடுத்துக் கொடுத்த மாதிரி ஆயிற்று என்றார்கள். தாமோதரன் தொடையைத் தட்டிச் சிரித்தான். செல்வம்மாள் ஓடிவந்து தேசம்மாளைக் கட்டிக்கொண்டு கன்னத்தை வழித்து முறித்தாள். எழுதினவள் வீட்டுக்கே இடம் வந்துவிட்டதே, இதைவிட என்ன வேண்டும்? தேசம்மாளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. அழுததும் சந்தோஷப்பட்டதும் அவளுக்கு அதுதான் கடைசி.

உலகநாதன் வீட்டுக்கு வந்தார். சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தார். மகள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூர்த்தி, சட்டை துணியெல்லாம் தொவச்சி வெய்யி. அடுத்த வாரம் பட்டணத்துக்குப் போவணும்" என்றார்.

கோவிந்தம்மா கரண்டியைத் தரையில் போட்டாள். "இன்னாய்யா சொல்றே? எழுதினவ இவ, போறவன் அவனா?"

"பாடுன்னு வந்துட்டா ஆம்பளதான் எறங்கணும். எம் பேருல வந்த பாடு, எனக்கு அப்பால எம் மவனுக்கு." உலகநாதன் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை. "தேசம்மா, நீ நாளைக்கு கல்யாணம் கட்டிகினு வேற குப்பத்துக்குப் போவே. ஊரு பாடு ஊர வுட்டுப் போலாமா? நாளைக்கு நாலு பேரு மூஞ்சில நான் எப்புடி முழிப்பேன்?"

"அண்ணன் பரீட்சைய முழுசா எழுதக்கூட இல்ல நைனா."

"கத்துக்குவான். ஆம்பளப் புள்ள, போவப் போவ கத்துக்குவான்."

"எனக்கு வேணாம் நைனா, பாப்பாவயே அனுப்பு" என்று மூர்த்தி முனகினான். அவனை யாரும் கேட்கவில்லை.

செல்வம்மாள் பேர் வந்திருந்தால் தேசம்மாள் போயிருப்பாள். சொந்த அப்பன் பேர் வந்ததால் போகவில்லை. வயிறு எரிகிறதா, இல்லையா? கேட்கிற நமக்கு எரிகிறது. அவளுக்கு எரியவில்லை, அதுதான் விசித்திரம். அழுகை வரும் வரும் என்று அவளும் காத்திருந்தாள். வரவில்லை. தட்டுகளை எடுத்துக் கழுவினாள். கீழே கிடந்த கரண்டியையும் கழுவி மாட்டினாள். மறுநாள் கழுவிக் காயவைத்த பெட்டியில் அண்ணன் சட்டைகளை மடித்து அடுக்கினாள். கை தானாக வேலை செய்தது. உலகநாதன் பழவேற்காட்டிலிருந்து அவளுக்கு ஒரு தாவணி வாங்கி வந்தார், மஞ்சள் கலர், நல்ல துணி. "நல்லாகீது நைனா" என்றாள். அவர் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவள் அதையும் பார்த்தாள்.

பையனைக் கொண்டு விட உலகநாதனும் நாட்டாரும் பட்டணம் போனார்கள். இவனைச் சேர்த்துக்கொள்ள மாட்டேன் என்று அங்கேயாவது சொல்லியிருக்கலாம். திரும்பி வந்து உலகநாதன் சொன்ன கதை இது. "அந்த செசிலியாம்மா மட்டும் மூஞ்ச தூக்கி வெச்சிகினு, பரீட்ச எழுதின பொண்ணு எங்கன்னு சத்தம் போட்டுச்சி. மேல கீற பெரியவரு இன்னா சொன்னாரு தெரியுமா? பையனா, ரொம்ப நல்லதாப் போச்சி. பொண்ணுங்களுக்கு சொல்லிக் குடுத்தா கல்யாணம் ஆயி போயிடுதுங்க, மெஷின்ல ஒக்கார வெச்ச நேரம்லாம் வீணு. பையன்னா வேலைல நிப்பான்னாரு." மனுஷருக்கு எவ்வளவு நிம்மதி! படித்தவரே சொல்லிவிட்டார் பாருங்கள். குப்பமும் பட்டணமும் ஒத்துப்போன விஷயம் அந்த வருஷத்தில் இது ஒன்றுதான்.

தேசம்மாள் அம்மாவோடு இறால் கொட்டகைக்குப் போக ஆரம்பித்தாள். ஏற்றுமதிக்காரர்கள் போட்ட கொட்டகை. தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்து, முதுகு நரம்பை இழுத்து, ஐஸ் தண்ணீரில் போட வேண்டும். கொஞ்ச நேரத்தில் விரல்கள் மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது, வீட்டுக்குப் போய் ரத்தத்தைப் பார்த்துத்தான் தெரியும். மற்ற பெண்கள் நடுநடுவே கையை எடுத்து உள்ளங்கை தேய்த்து ஊதிக்கொள்வார்கள். அவள் ஊதுவதில்லை.

ஒரு குடும்பம் பெண் பார்க்க வந்தது. காபி கொடுத்தாள், நிற்கச் சொன்ன இடத்தில் நின்றாள். பையனின் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "வாயே தொறக்கல. இந்தக் காலத்துல இப்புடி ஒரு பொண்ணா!" என்றாள். தை பிறக்கட்டும் என்று பேசிவிட்டுப் போனார்கள். தை பிறந்தது, அவர்களும் எதையோ சொல்லித் தள்ளிப் போட்டார்கள். தேசம்மாளுக்கு அதுவும் ஒன்றுதான், இதுவும் ஒன்றுதான்.

அதற்கு முன்னாலேயே, தீபாவளிக்கு வந்த மூர்த்தி திரும்பிப் போகவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். கிணற்றடியில் அவள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து குந்தினான். இளைத்திருந்தான்.

"ஒரு எழவும் புரியல பாப்பா. ரூமு சில்லுனு கீது, செருப்ப வெளிய உட்டுட்டுதான் போவணும். நானும் எழுதி எழுதித்தான் குடுக்கிறேன். ஒரு புள்ளி உட்டுப் போனாலும் அந்த மெஷினு தப்புன்னுது. கூட கீறவன்லாம் சிரிக்கிறானுங்க."

தேசம்மாள் கை நின்றது. "எந்த வரியில தப்புன்னு சொல்லுமா?"

"சொல்லும். வரி நம்பரோட சொல்லும்."

"அப்பறம் இன்னாண்ணே? எங்க தப்புன்னு அதுவே சொல்லுதுன்னா, அத மட்டும் சரி பண்ணி மறுபடி குடுக்க வேண்டியதுதான? மனுசாளு அப்புடி சொல்றாங்களா?"

மூர்த்தி அவளையே பார்த்தான். அந்த ஒரு நிமிஷம் அவள் முகம் பழைய முகமாக இருந்ததாம். அவன் பிற்பாடு அம்மாவிடம் சொன்னான். உடனே அது அணைந்துவிட்டது. சாம்பலைத் தொட்டுப் பாத்திரத்தைத் தேய்த்தாள். "நீ இருந்திருக்கணும் பாப்பா. நான் உன் எடத்த அழிச்சிட்டேன்" என்று அவன் தேம்பினான். அவள், "வுடுண்ணே, நீ இன்னா பண்ணுவே" என்றாள். அவன்மேல் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தாள். இல்லை. அது இருந்திருந்தாலாவது தேவலை.

இந்தத் தடவை கோவிந்தம்மா புருஷனைக் கேட்கவில்லை. நேரே நாட்டார் வீட்டு வாசலில் போய் நின்றாள், மகளையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு. "அவன்தான் வந்துட்டானே. மிச்ச மாசத்துக்கு இவ போறா. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

நாட்டார் வருத்தத்தோடுதான் பதில் சொன்னார். "வலைய எறக்கியாச்சி கோவிந்தம்மா. எறக்கிட்டா பாடு முடிஞ்சிது. மீனு வந்தா அவன் அதிஸ்டம், வராட்டி அவன் தலையெழுத்து. மீனு வரல, எனக்கு இன்னொரு நாளு குடுன்னு எவனாவது கேட்டுகீறானா? ஒம் புருசன் போன மழைக்கி வலைய கல்லுல வுட்டு கிழிச்சிகினானே, கேட்டானா?"

கேட்கவில்லை. தேசம்மாளுக்கு ஞாபகம் இருந்தது. கிழிந்த வலையோடு அப்பா வந்தார், அடுத்த முறை வரும் வரை வாயைத் திறக்கவில்லை. எல்லா வீட்டு முறையும் ஒரு சுற்று வந்த பிறகுதான் அவர் பேர் மறுபடி பானைக்குள் போகும். மீனுக்கு நாளுக்கொரு பாடு. இந்தப் படிப்புக்கோ வருஷத்துக்கொரு பாடு. எல்லா வீடும் முடிந்து உலகநாதன் வீடு மறுபடி வரும்போது அவள் உயிரோடு இருந்தால் கிழவியாக இருப்பாள். கணக்கு அவளுக்கு உடனே வந்துவிட்டது. நாட்டார் சொன்னதில் ஓட்டை இருக்கிறதா என்று வரி வரியாகப் பார்த்தாள். ஒரு ஓட்டையும் இல்லை. "வா யம்மா போலாம்" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

அடுத்த வருஷம் ஆனி மாசம் செசிலியா வந்தாள். இந்தத் தடவை ஜீப்பில் வந்தாள். குப்பத்துக்குப் போகவில்லை, விசாரித்துக்கொண்டு நேரே இறால் கொட்டகைக்கே வந்துவிட்டாள். ஜீப்பைப் பார்த்து நாட்டாரும் உலகநாதனும் பின்னாலேயே ஓடிவந்தார்கள்.

செசிலியா தேசம்மாளின் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கப் பேசினாள். "ஒரு வருஷமா சண்டை போட்டேன்மா. அந்தப் பெரியவர் மாறிட்டாரு, புதுசா வந்தவங்க ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தடவை இடம் குப்பத்துக்கு இல்ல. உன் பேருக்கு. உன் பேப்பரக் காட்டித்தான் வாங்கினேன். யாரும் குலுக்கிப் போட முடியாது. கிளம்பு, இன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்."

சொல்லிவிட்டு நாட்டாரை முறைத்தாள். சண்டைக்குத் தயாராக வந்திருந்தாள், பாவம். நாட்டார் சண்டைக்கு வரவில்லை. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு யோசித்தார். "ஊருக்கு வந்தா ஊரு பாடும்மா. ஒருத்தி பேருக்கு வந்தா அது அவ பாடு. நான் குறுக்க நிக்க மாட்டேன். போவட்டும்."

எல்லாரும் உலகநாதனைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். ஒரு வருஷமாக அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று அவருக்கும் தெரியும். "போ தேசம்மா" என்றார். "நைனா சொல்றேன். போ."

பக்கத்தில் உரித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் கையை நிறுத்திவிட்டார்கள். கோவிந்தம்மா எழுந்து நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். ஓடிப்போய்ப் பெட்டியை எடுக்க வேண்டுமே. ஒரு தடை இல்லை. ஒரு வாய் எதிராக இல்லை. தேசம்மாள் மட்டும் எழுந்திருக்கவில்லை.

அவள் உள்ளே தேடிக்கொண்டிருந்தாள். அந்தக் கூடைக் கேள்வியை எழுதினபோது இருந்ததே, அந்தக் குறுகுறுப்பு, அதைத் தேடினாள். வேணும் என்று சொல்ல அது வேண்டியிருந்தது. இருந்த இடம் தெரிந்தது, அது இல்லை. எல்லாரும் காத்திருக்கிறார்கள், ஏதாவது சொல்லியாக வேண்டும். ஒரு வருஷமாக மனசுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் ஒன்று வாயில் தயாராக இருந்தது. அதைச் சொன்னாள்.

"எங்க வூட்டுப் பாடு முடிஞ்சிடுச்சி மேடம்."

"என்னம்மா சொல்ற? அதான் அவரே சொல்லிட்டாரே, இது ஊர் பாடு இல்லன்னு!"

"வேற யாருக்காவது குடுங்க மேடம். எங்க வூட்டுக்கு ஒரு தரம் வந்திடுச்சி. ரெண்டாந்தரம் எடுத்துக்கக்கூடாது."

செசிலியா மன்றாடினாள். தோளைப் பிடித்து உலுக்கினாள். கோபமாகக்கூடப் பேசினாள், உனக்காக என் வேலையைப் பணயம் வைத்தேன் என்றாள். தேசம்மாள் மரியாதையாக எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள். கேட்டுவிட்டு, "தப்பா நெனச்சிக்காதீங்க" என்றாள். கடைசியில் செசிலியா கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினாள். நாட்டார் தலையைக் குனிந்துகொண்டு போனார். உலகநாதன் கொட்டகை வாசலிலேயே மணலில் உட்கார்ந்துவிட்டார்.

தேசம்மாள் அடுத்த இறாலை எடுத்துத் தலையைக் கிள்ளினாள். கோவிந்தம்மா அதைப் பிடுங்கி எறிந்தாள்.

"ஊரு ஒன்ன வேணான்னுச்சி, சரி. ஒங்க நைனா வேணான்னாரு, சரி. பட்டணத்துல அந்த ஆளு வேணான்னான், அதுவும் சரி. எல்லாத்துக்கும் நான் பொறுத்துக்கினேன். இன்னிக்கி ஒருத்தரும் வேணான்னு சொல்லலியேடி பாவி. நீ ஏண்டி வேணான்னே?"

தேசம்மாள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். பொய் சொல்லத் தோன்றவில்லை. நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் சொன்னாள்.

"தெரில யம்மா."

கோவிந்தம்மா மாரில் அடித்துக்கொண்டு ஓவென்று அலறினாள். தலைவிரி கோலமாகத் தரையில் விழுந்து, எழவு வீட்டில் அழுகிற அழுகை அழுதாள். கொட்டகையின் அந்தக் கோடியில் உரித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு ஜீப்பும் தெரியாது, பேச்சும் கேட்கவில்லை. அலறல்தான் கேட்டது. ஏரியில் தோணி கவிழ்ந்துவிட்டது என்று நினைத்து, யார் வீட்டு ஆளோ என்று வயிற்றில் அடித்துக்கொண்டு ஓடிவந்தார்கள். முன்னால் ஓடிவந்த செல்வம்மாள் கோவிந்தம்மாவின் தோளைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"யாருடி? கோவிந்தம்மா, யாரு போய்ட்டா? சொல்லுடி!"

கோவிந்தம்மா ஐஸ் தண்ணீரில் மரத்துப்போன கையை நீட்டி, உட்கார்ந்து உரித்துக்கொண்டிருந்த மகளைக் காட்டினாள்.